தாழ்ப்பாளுக்கு வெளியே நின்றவள்

வகுப்பில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். படித்ததென்னவோ வேதியியல். எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்று கேட்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

அந்தப் பல்கலைக்கழகத்தை எந்தப் புண்ணியவான் இரண்டாகப் பிளந்தானோ தெரியாது. பாட வகுப்பெல்லாம் மேட்டு வளாகத்தில்; ஆய்வுக்கூடமெல்லாம் ஊருக்கு அந்தப் பக்கம், பள்ளத்து வளாகத்தில். நடுவே சந்தை, ரயில்வே கேட், முக்கி முனகிக்கொண்டு போகும் டவுன் பஸ். டைம்டேபிள் போட்டவர் கண்ணில் இதெதுவும் படவில்லை. மேட்டில் ஒரு வகுப்பு முடியும் அதே நிமிடத்தில் பள்ளத்தில் அடுத்தது தொடங்கிவிடும். மணி அடித்ததும் ஆய்வுக்கூட ஆசிரியர் கதவைத் தாழிட்டுவிடுவார். வெளியே நிற்பவருக்கு ஆப்சென்ட்.

மாணவர்கள் கண்டுபிடித்த வழி பின்வாசல். விரிவுரையாளர் பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் இரண்டு மூன்று பேராக நழுவுவார்கள். அவரும் அழித்த பலகையையே மறுபடி அழித்துக்கொண்டிருப்பார். எல்லோரும் சேர்ந்து வருடக்கணக்காக நடத்திவந்த நாடகம் அது. வக்கீலம்மா மட்டும், திருடியைப் போல ஓட மாட்டேன் என்றாள். பாடத்தின் கடைசிப் பகுதியைக் காலி பெஞ்சுகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து கேட்டாள். பிறகு பஸ் பிடித்துப் போய்ச் சாத்திய கதவின் முன் நின்றாள். வாரம் தவறாமல் நின்றாள்.

வருகை போதவில்லை. செய்முறைத் தேர்வு எழுத முடியாது, ஒரு வருடம் வீண் என்று ஆனபோது துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான், வம்பு என்றால் மட்டும் காத தூரம் ஓடுவார். காய்ச்சல் என்று ஒரு டாக்டர் சீட்டு வாங்கி வா, எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள் என்றார்.

"எனக்கு உடம்பு நல்லாத்தான் சார் இருக்கு. டைம்டேபிளுக்குத்தான் சரியில்லை."

அவர் முகம் சுருங்கிவிட்டது. அப்படியானால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில், முன்னறையில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த அம்மா மிஷினை நிறுத்தினாள். ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று அழுதாள்.

"பொய் சொன்னா, கதவை மூடினது சரி, நான்தான் தப்புன்னு ஆயிடும்மா."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

தேர்வு நெருங்க நெருங்க, நழுவியவர்கள் எல்லோரும் அவளைத் தேடி வந்தார்கள். பாடத்தின் கடைசிப் பகுதி அவளுக்கு மட்டும்தானே தெரியும்! முன்பெல்லாம் முகம் கோணாமல் சொல்லித் தந்தவள்தான். இந்த முறை கையை விரித்துவிட்டாள்.

"இனிமே சொல்லித் தர்றதா இல்லை. வேணும்னா கிளாஸ்ல கடைசிவரைக்கும் உட்கார்ந்து கேளுங்க."

தலைக்கனம் என்று முணுமுணுத்தார்கள். பக்கத்து பெஞ்சுக்காரிக்கு மட்டும் சுருக்கென்றது. இவளைத் தனியாக நிற்க விட்டது நாம்தானே என்று எல்லோரையும் பிடித்து உலுக்கினாள்.

அடுத்த வகுப்பில் விரிவுரையாளர் பலகையை அழித்தார். இன்னொரு முறை அழித்துவிட்டுத் திரும்பினால், ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. மனிதர் திகைத்துப் போனார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மணி அடிக்கும்வரை பாடம் நடத்தினார்.

அன்று மொத்த வகுப்புக்கும் தாமதம். ஒரே பஸ்ஸில் இடம் போதாமல் சிலர் அடுத்ததற்குக் காத்து நிற்க, மற்றவர்கள் பள்ளத்து வளாகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆய்வுக்கூட ஆசிரியர் வழக்கம்போலத் தாழிட்டுக்கொண்டு, காலி மேசைகளோடு உள்ளே உட்கார்ந்திருந்தார். யாருக்கு வகுப்பு எடுக்கிறீர்கள் என்று ஒருவன் ஜன்னல் வழியே கேட்டான். அவர் பதிவேட்டை எடுத்து வரிசையாக ஆப்சென்ட் போடத் தொடங்கினார்.

சேதி போய், துறைத்தலைவர் பதறியடித்துக்கொண்டு வந்தார். ஒருத்தியை நிறுத்திவைத்தால் கேள்வி கேட்பாரில்லை. வகுப்பையே நிறுத்திவைத்தால் மேலிடத்துக்கு என்ன சொல்வது? திறக்கச் சொன்னார். கதவு திறந்தது. வக்கீலம்மா அசையவில்லை.

"இன்னிக்குத் திறந்துட்டீங்க. இத்தனை நாள் மூடினதுக்கு என்ன சார் பதில்?"

உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து அவள் பின்னால் நின்றார்கள். துறைத்தலைவர் அந்த முகங்களைப் பார்த்தார்.

"நீ பரீட்சை எழுதும்மா. டைம்டேபிளையும் மாத்திடறேன்."

எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டுக் கடைசியாக அவள் நுழைந்தாள். பழக்கதோஷத்தில் ஆசிரியரின் கை தாழ்ப்பாளுக்குப் போனது.

"இருக்கட்டும் சார்," என்றாள். "பின்னாடி இன்னொரு பஸ் வருது."