செருப்புப் போட்ட வோக்கர்

கட்டுகஸ்தோட்டையில் நஸீபின் வெல்டிங் கடையைத் தெரியாதவர்கள் இல்லை. ஊரில் பாதி வீட்டுக் கேட்டுகள் அவன் கைவண்ணம்தான். மயில், மாங்காய், பிறை என்று எதைக் கேட்டாலும் இரும்பில் வளைத்துக் கொடுப்பான். கேட் திறக்குமா என்பது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்டவன், நடக்க முடியாதவர்கள் பிடித்து நடக்கும் வோக்கர் செய்யத் துணிந்ததற்கு அவனுடைய வாப்பாதான் காரணம். முஹைதீன் ஹாஜியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதிலிருந்து வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகவில்லை. மருந்துக் கடையில் வாங்கிவந்த அலுமினிய வோக்கரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது ஆஸ்பத்திரிச் சாமான். இதப் புடிச்சிட்டு ரோட்டால போனா எனக்குக் கப்ரு வெட்டத் தொடங்கிடுவாங்க."

"அப்ப நான் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போறேன் வாப்பா."

"நான் என்ன சின்னப் புள்ளயா? போனா நானே போவேன். இல்லாட்டி ஊட்டுலயே லுஹர் தொழுவேன்."

காலமெல்லாம் முதல் வரிசையில் நின்று தொழுதவர், வெள்ளிக்கிழமைகளில் ஜன்னலோரக் கதிரையில் இருந்து பள்ளிவாசல் ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க நஸீபுக்குப் பொறுக்கவில்லை.

தானே ஒன்று செய்வதென்று இறங்கினான். முதல் வோக்கர் பூவேலைப்பாட்டோடு கண்ணைப் பறித்தது. ஒரே ஒரு குறை, அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அடுத்ததற்குச் சக்கரம் பூட்டினான். அது இறக்கத்தில் அவனையும் இழுத்துக்கொண்டு மீன்கடைவரை போய் நின்றது. அதற்குப் பிறகுதான் நடைபாதையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஞானம் பிறந்தது. அங்கே கடைக்காரர்களின் வாளிகளும் மோட்டார் சைக்கிள்களும் நிம்மதியாகக் குடியிருந்தன. வடிகானுக்கு மூடி இல்லாத இடங்களில் மட்டும் மனிதர் நடக்கத் தாராளமாக இடம் இருந்தது. ஆகவே ஒடுக்கமாக, மெல்லிய குழாயில், அகலமான ரப்பர் பாதங்களோடு மூன்றாவதைச் செய்தான்.

ஆலோசனை சொல்ல ஊரே திரண்டு வந்தது. மச்சான் பஹீம் மணி பூட்டச் சொன்னான். குடை மாட்டக் கொக்கி வை என்றார் பக்கத்துக் கடைக்காரர். பச்சைப் பெயின்டா, வெள்ளைப் பெயின்டா என்று இரண்டு பேர் சண்டையே பிடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஹாஜியார் வோக்கரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்தார். நஸீப் கடைகளை வேடிக்கை பார்ப்பவன்போல எட்டத்தில் வந்தான். எல்லாம் நன்றாகத்தான் போனது. பள்ளிவாசல் வாசலில், பாங்கு சொல்லும் மோதினார் தயங்கித் தயங்கிக் குறுக்கே வந்தார்.

"ஹாஜியார், இத உள்ளுக்குக் கொண்டுபோக ஏலாதே. ரோட்டு அசிங்கமெல்லாம் இதுட கால்லதான் ஈக்கி. செருப்போட வெச்சிட்டு வாங்க."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பிறந்ததிலிருந்து அதே வாசலில் செருப்பைக் கழற்றி வைத்த நஸீபுக்கு அது தோன்றவில்லை. மணிக்கும் கொக்கிக்கும் மூளையைச் செலவழித்த மகான்களுக்கும் தோன்றவில்லை. வோக்கர் வாசலோடு நின்றால், மிச்சத் தூரத்துக்கு மனிதர் பறந்தா போவார்? கை கொடுக்க நாலு பேர் ஓடிவந்தார்கள். ஹாஜியார் அவர்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் வோக்கரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அன்று பகல் அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

நஸீப் கடைக்குப் போனான். பழைய லொறி டயர் ஒன்றை வெட்டி, வோக்கரின் நான்கு பாதங்களுக்கும் செருப்புச் செய்தான், கழற்றி மாட்டுவதற்கு வசதியாக.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் மண்டியிட்டு, வோக்கரின் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிச் செருப்பைக் கழற்றினான். வாப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தான். சுத்தமான பாதங்களை மோதினார் குனிந்து பார்த்தார்.

"மனுசருக்கே செருப்ப ஒழுங்கா வெக்கத் தெரியல்ல. நீங்க உள்ளுக்குப் போங்க ஹாஜியார்."

ஹாஜியார் முதல் வரிசைவரை போனார். திரும்பியே பார்க்கவில்லை. டயர்க் கறுப்பைக் கழுவிக்கொண்டு வந்த நஸீபுக்குக் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது.

தொழுகை முடிந்து, வாசலில் குனிந்து வோக்கருக்குச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே பேச்சுக் கேட்டது. வாப்பாவின் பழைய சகாக்கள் அவரைச் சூழ்ந்திருந்தார்கள்.

"ஆரு ஹாஜியார் கூட்டிட்டு வந்த?"

"ஒருத்தரும் கூட்டிட்டு வரல்ல. நான் தனியத்தான் வந்தேன்."

நஸீப் தலையை நிமிர்த்தவில்லை. கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் வந்தது. கடைசிச் செருப்பையும் இறுக்கி மாட்டிவிட்டு, வாப்பா தெருவில் இறங்கும்வரை தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான்.