பசை காத்த இரும்பு

இதுவரை அவனுக்குக் கிடைத்த ஒரே பட்டம் 'துருவன்'. ஆய்வகத்தில் கூட வேலை செய்பவர்கள் கொடுத்தது. துருவோடு மல்லுக்கட்டியே தலை நரைத்துவிட்டதே, வேறென்ன பெயர் வைப்பார்கள்? உப்புநீரில் கிடக்கும் இரும்பின்மேல் ஒட்டிக்கொண்டு துருவை அண்டவிடாத ஒரு மூலக்கூறை அவன் உருவாக்கியிருந்தான். அதை நிரூபித்தால் முனைவர் பட்டம், அப்புறம் நிரந்தர வேலை. அதுவரை மனைவியின் மருந்துக்கடைச் சம்பளத்தில் வீடு ஓடியது. "மாமா இன்னும் இரும்பு துருப்பிடிக்குதான்னு பார்த்துட்டுதான் இருக்காரா?" என்று அவள் தம்பி கேட்பான். அவள் சிரிக்கமாட்டாள்.

ஒரு முகம் மட்டும் நீரில் படும்படி இரும்புத் துண்டை எபாக்ஸிப் பசையில் பதிக்கவேண்டும். சீக்கிரம் இறுகட்டுமே என்று பசையை இறுக்கும் ஹார்ட்னரைத் தாராளமாகவே ஊற்றுவான். புதிதாகப் பதித்தவையெல்லாம் தன் மூலக்கூறு கலந்த உப்புநீருக்கு. முன்பிருந்தவர்கள் பசையில் பதித்து விட்டுப்போன பழைய துண்டுகளைத் தேய்த்து, எதுவும் கலக்காத வெறும் உப்புநீரில் போடுவான். பெற்ற பிள்ளைக்கு மட்டும் புதுச்சட்டை எடுக்கிற கதைதான். பழையவை துருப்பிடித்தன, புதியவை பளபளத்தன. கட்டுரை ஒன்று வெளியானது, ஆய்வேடும் ஏறக்குறைய முடிந்தது.

கடைசியாக ஒரு புகைப்படம் தேவைப்பட்டபோது பழைய துண்டுகள் தீர்ந்திருந்தன. போனால் போகிறதென்று புதுத் துண்டு ஒன்றை வெறும் உப்புநீரில் போட்டான். மறுநாள் பார்த்தால், அதில் பொட்டுத் துரு இல்லை. ஹார்ட்னர் புட்டியைத் திருப்பி லேபிளைப் படித்தான். அதில் இருப்பது அமீன் என்ற வேதிப்பொருள். பசையில் சேராமல் மிஞ்சியது நீரில் கசியும், கசிந்தால் இரும்பைக் காக்கும். பழைய துண்டுகளில் அது எப்போதோ கசிந்து தீர்ந்திருக்கும். அட, பாடப்புத்தகத்திலேயே இருக்கிற சமாச்சாரம்! பசையை விட்டுவிட்டு மெழுகில் பதித்து, மறுபடி இரண்டு பீக்கர்களிலும் வைத்தான். மூலக்கூறு கலந்ததும் கலக்காததும் ஒன்றுபோலச் சிவந்து கிடந்தன.

ஆய்வு நெறியாளர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். வெளியான கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டியதுதான் என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்கலாமா சார் என்றதற்கு, ஏற்கெனவே நீட்டித்துக் கொடுத்தாகிவிட்டது, இனி பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளாதப்பா என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். நிஜமாகவே குழாயடியில்தான், ஆனால் அவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

சாயங்காலம் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். நாளெல்லாம் கடையில் நின்று வீங்கிய காலை நீட்டிக்கொண்டு அவள் கேட்டாள்.

"அந்தப் பசைதான் காப்பாத்துச்சுன்னு எழுதிக் குடுக்க முடியாதாங்க?"

"அது எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சதும்மா."

"உங்களுக்கு?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். அதுதான் அவனை உலுக்கிவிட்டது.

"எனக்கும் தெரியும்."

அவள் காலை மடக்கிக்கொண்டு, நாளைக்கு முதலாளியிடம் ராத்திரி ஷிப்டும் கிடைக்குமா என்று விசாரிப்பதாகச் சொன்னாள்.