பனியாறு கண்டு போட்டது

ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கில் காலை ஏழு மணிக்கு வீட்டைப் பூட்டியபோது என் மனைவி ரஞ்சியின் பையில் ஒரு கிலோ மிக்சரும் மூன்று கம்பளித் தொப்பிகளும் இருந்தன. ஒஸ்லோவிலிருந்து வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுகளின் லொங்யேர்பியனுக்கு மூன்று மணி நேர விமானம். பிறகு சிறு கப்பலில் நான்கு நாள். அவளுக்கு வேண்டியது உயிருள்ள ஒரு திமிங்கிலம். கல்யாணம் முடித்த காலத்திலிருந்து கேட்டு வந்தாள். நானும் ஒவ்வொரு கோடையிலும் ஒரு சாட்டுச் சொல்லி வந்தேன்.

முதல் மூன்று நாளும் கடல் கையை விரித்துவிட்டது. பறவைகள், சோம்பேறி வால்ரஸ் ஒன்று, அவ்வளவுதான். ரஞ்சி மேல்தட்டை விட்டு அசையவில்லை. "சாப்பிட வாரும்" என்றால், "நான் கீழ வாற நேரம் பாத்துத்தான் அது வரும்" என்பாள்.

நான்காம் நாள் காலை கொங்ஸ்ஃபியூர்டன் என்ற குடாவில் பனியாற்றின் முன் நின்றோம். ஆறு என்று பெயர், ஆனால் ஓடுவது தெரியாது. நீலம் கலந்த பனிச்சுவர் கடலுக்குள் இறங்கி நிற்கிறது. இதற்குப் பிறகு நேரே துறைமுகம்தான். ரஞ்சியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அப்போது ஒலிபெருக்கியில் வழிகாட்டிப் பெண் நோர்வேஜிய மொழியில் ஏதோ அறிவித்தாள். இயந்திர இரைச்சலில் ‘கல்வர்’ என்ற சொல் மட்டுமே கேட்டது. ‘கல்வ்’ என்றால் கன்று, எங்கள் பேச்சில் கண்டு. கடையில் இறைச்சித் தட்டைத் தாண்டும்போதெல்லாம் நாங்கள் வாசிக்கிற சொல்.

ரஞ்சி என் கையைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சாருங்கோ, திமிங்கிலம் கண்டு போடுதாம்."

"இல்லையப்பா, ஐஸ் உடைஞ்சு விழுறதை இவை அப்பிடித்தான் சொல்லுறவை. பனியாறுதான் கண்டு போடுது."

"ஐஸ் எங்கையாவது கண்டு போடுமே? விசர்க்கதை கதையாதேங்கோ."

கப்பலின் மறுபக்கம் ஓடிவிட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மற்றவர்களோடு பனிச்சுவரைப் பார்த்தபடி நின்றேன். வீடளவு துண்டொன்று கழன்று விழுந்தது. கப்பல் மெல்ல ஆடியது.

சிரித்துக்கொண்டே அவளிடம் போனேன். கம்பியைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"வெள்ளையாத் தாய். பக்கத்திலை சாம்பல் நிறத்திலை கண்டு. முதுகோட ஒட்டிக்கொண்டு போகுது."

கடலில் ஒன்றுமில்லை. அவள் படமும் எடுக்கவில்லை. நான் நம்பவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் வழிகாட்டியிடம் போய்ச் சொன்னாள். அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். வெள்ளைத் திமிங்கிலம் குட்டியாக இருக்கும்போது சாம்பல் நிறம்தானாம். இந்தக் கோடையில் தானே இன்னும் ஒரு குட்டியைக்கூடப் பார்க்கவில்லையாம்.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு மனசு சரியில்லை. திமிங்கிலம் பார்க்காதது பெரிதல்ல. அவள் பார்த்த நேரம் நான் பக்கத்தில் இல்லை.

ஒஸ்லோ விமான நிலையத்தில் மகள் காரோடு நின்றாள்.

"அம்மா, திமிங்கிலம் பாத்தனீங்களோ?"

"ஓம்," என்றாள் ரஞ்சி. "நாங்கள் ரெண்டு பேரும் பாத்தனாங்கள். கண்டோட."

மகள் என் பக்கம் திரும்பினாள்.

"ஓம்," என்றேன்.