கூடலூர்க் கல்குழிக்கு நான் சுமந்துபோன குழாய்

கூடலூர் மலையடிவாரத்துக் கல்குழிக்கு, நீராவியில் ஓடும் துளை மெஷினை வாங்கச் சொன்னவன் நான். மார்கழியில் குத்தகைக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. பொங்கலுக்குள் அது இரண்டு சம்மட்டி ஆட்களை மிஞ்சாவிட்டால் மெஷினோடு என் வேலையும் போகுமாம். நீராவி போதவில்லை என்று வீட்டிலிருந்தபடியே முடிவுகட்டி, புதுப் பாய்லர் குழாய்களை வண்டியில் ஏற்றினேன். என் புத்தியை என்னவென்று சொல்ல.

பெரியகுளத்தில் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். தேனி பத்து மைல். அதற்கே ஐந்து மணி நேரம். அங்கிருந்து கம்பம் இருபத்தைந்து மைல், கூடலூர் இன்னும் ஆறு. வாடகை ஐந்து ரூபாய், மாட்டுத் தீனி தனி. சின்னமனூருக்கு முன்பே கடையாணி கழன்று சக்கரம் சாய்ந்தது.

"இம்புட்டுச் செமை எதுக்குய்யா?" என்றார் வண்டிக்காரர் கருப்பணன்.

"பேசாம ஆணியத் தேடும்யா" என்று எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் நாள் உச்சிவேளையில் போய்ச் சேர்ந்தால், பாய்லர் கட்டுக் கட்டாக விறகைத் தின்றுகொண்டிருந்தது. ஊரே அதிரக் கத்தி மெஷின் ஒரு சாண் இறங்குவதற்குள், பக்கத்தில் இரண்டு பேர் கைச்சம்மட்டியால் ஒரு முழம் துளைத்துவிட்டார்கள். இரண்டு நாள் பாடுபட்டுக் குழாயை மாற்றினேன். விறகுதான் கூடுதலாகச் செலவானது. துளை அதே ஒரு சாண்.

துளைகளிலிருந்து கல்தூளை நீளக் கரண்டியால் வழித்தெடுப்பவர் அந்தோணியம்மாள். என் புலம்பல் தாங்காமல் இரண்டு கைகளிலும் தூளை ஏந்திவந்து காட்டினார். சம்மட்டித் துளையில் எடுத்தது நொய் போல இருந்தது. மெஷின் துளையில் எடுத்தது கோலமாவுதான்.

"உளி மொட்டையானா இப்படி மாவா வரும்யா. சம்மட்டிக்காரவுக மாவைக் கண்டதும் உளிய மாத்திருவாக. மெஷின்காரவுக காலையில மாட்டுனத சாயங்காலந்தான் கழட்டுறாக."

எரித்த விறகெல்லாம் கல்லை உடைக்காமல் மாவரைத்திருக்கிறது.

"ஏம்மா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"வந்ததும் குழாயத்தான பிரிச்சீக. எங்கள எங்க கேட்டீக?"

அன்று முதல் மாவு வந்தால் உளியை மாற்றினோம். போகிக்கு முந்தின நாள் போட்டி. பாதி விறகில் மெஷின் ஜெயித்தது. குத்தகைக்காரர் என் முதுகைத் தட்டி, "குழாய் மாத்துனது நல்லதாப் போச்சு" என்றார். அந்தோணியம்மாள் கரண்டியோடு பக்கத்திலேயே நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

இந்தப் பக்கம் மெஷின் வேலைக்குப் போகிறவர்கள் கடையாணி ஒன்று உபரியாக எடுத்துப்போங்கள். எதையும் வண்டியில் ஏற்றுமுன் தூள் வழிப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கே சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அந்தோணியம்மாளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.