உப்புக்காற்று

பழைய படகையும் அதன் மோட்டாரையும் வாங்க அதிராம்பட்டினத்திலிருந்து வந்த பாயின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. மருதாணிச் சிவப்பேறிய தாடி, சட்டைப்பையில் ஒரு ஸ்பேனர். எதைத் தொட்டாலும் "பிஸ்மில்லா" என்று இறைவன் பெயரைச் சொல்லித்தான் தொடுவார். கரையில் கிடந்த எங்கள் பழைய படகையும் அப்படித்தான் தொட்டார்.

சவுதிக்குப் போகும்போது என் கணவர், "ரெண்டு வருசத்துல வந்து கடலுக்குத்தான் போவேன். மோட்டார பத்திரமா வச்சிரு. யாரையும் திறக்க விடாத" என்று சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைத்து, தேங்காயெண்ணெய் பூசி, சாக்குப் போட்டு மூடினேன். ஐந்தாவது வருடமும் அவர் வரவில்லை என்றானதும், படகோடு சேர்த்து விற்றுவிடுவதென்று நானே முடிவு செய்தேன்.

பாய் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தார். அது பிடிமானமே இல்லாமல் லேசாக ஓடி வந்தது. மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே இன்ஜின் இல்லை. கழற்றிய போல்ட்டுகள் மட்டும் ஒரு பாலிதீன் பையில் கிடந்தன. பையின் வாயில் என் கணவர் வலைக்குப் போடும் அதே முடிச்சு.

இத்தனை வருடமும் வெறும் கூட்டுக்கா எண்ணெய் பூசினேன்!

பாய் என் முகத்தைப் பார்க்காமல் மூடியை மாட்டினார்.

"உப்புக்காத்து அரிச்சிருச்சும்மா. படகை மட்டும் எடுத்துக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை போனில் கணவரிடம் அதையே சொன்னேன்.

"ஆமாமா, அரிக்கத்தான் செய்யும்" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்த மூடியை மாட்டும்போது மட்டும் பாய் பிஸ்மில்லா சொல்லவில்லை.