பன்னிரண்டாவது சென்சர்

காரைக்காலின் தொழில் வளர்ச்சியைப் பற்றி எழுத வருகிறவர்கள் துறைமுகத்தில் ஆரம்பிப்பார்கள். நியாயமாகப் பார்த்தால் ஒரு மூக்கில் ஆரம்பித்திருக்க வேண்டும். அரசலாற்றங்கரை ஐஸ் ஃபேக்டரியில் இருபத்தாறு வருஷம் உத்தியோகம் பார்த்த மூக்கு அது. தலத்தெரு செல்லையனுடையது.

ஐஸை உறைய வைப்பது அமோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை அது சொன்ன பேச்சைக் கேட்கும். வெளியே வந்தால் கண்ணைப் பிடுங்கும், நெஞ்சை அடைக்கும், கொஞ்சம் தாராளமாக வந்தால் ஆளையே முடித்துவிடும். அதனால் தினமும் காலை ஐந்தரைக்குச் செல்லையன் ஒவ்வொரு குழாய் மூட்டருகிலும் குனிந்து மூச்சை இழுத்துப் பார்ப்பார். பிறகு வாசலில் வந்து நின்று, "வாங்க" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக மீன்காரப் பெண்கள் இருபது பேர் கூடையோடு காத்திருப்பார்கள். அவர் சொல்லாமல் ஒருத்தியும் படியேற மாட்டாள். முதலாளி அருள்மணியே ஒருமுறை "உள்ள போங்க, நான் சொல்றேன்ல" என்று சொல்லிப் பார்த்தார்.

"நீங்க மொதலாளிதான் சார். மூக்கு அண்ணங்கிட்டல்ல இருக்கு" என்றாள் கூடைக்காரிகளில் ஒருத்தியான அஞ்சுகம்.

அப்படிப்பட்ட மூக்கு 2021ஆம் வருஷத்துக் காய்ச்சலில் காலமானது.

செல்லையன் பிழைத்துக்கொண்டார். மூக்கு பிழைக்கவில்லை. மனைவி காசியம்மா சுட்ட நெத்திலிக் கருவாட்டைத் தட்டில் வைத்தபோது, "இது என்ன புள்ள, பேப்பர சுட்டு வச்சிருக்க?" என்று கேட்டதில்தான் விஷயம் வீட்டுக்குள் தெரிந்தது. ஒரு மாதம் பார்த்தார்கள். ஆறு மாதம் பார்த்தார்கள். டாக்டர், சிலருக்குத் திரும்பாமலே போவதுண்டு என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

வெளியே சொல்லவில்லை. பாடகருக்குத் தொண்டை போனால் பாராட்டு விழா வைத்து அனுப்புவார்கள். ஐஸ் ஃபேக்டரிக்காரருக்கு மூக்கு போனால் என்ன விழா வைப்பார்கள்? செல்லையன் ஓர் உபாயம் கண்டுபிடித்தார். கந்தகத் திரியைக் கொளுத்திக்கொண்டு மூட்டு மூட்டாகப் போனால், கசிவு இருக்கும் இடத்தில் புகை வெள்ளை வெளேரென்று திரளும். அது பழைய மெக்கானிக்குகளின் வித்தை. பெண்கள் வருவதற்கு முன்பே திரியை முடித்துக்கொள்வார். பிறகு அவர்கள் பார்க்க, மூட்டருகில் குனிந்து மூச்சை இழுத்து ஒரு நாடகம். மூன்று வருஷம் ஒரு விபத்தில்லை. பொய்யர்களில் இவ்வளவு பொறுப்பானவர் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்புறம்தான் முன்னேற்றம் வந்தது.

அது ரிஃபானா என்கிற என்ஜினியர் பெண்ணின் உருவத்தில், ஸ்கூட்டியில், ஓர் அட்டைப்பெட்டியுடன் வந்தது. பெட்டியில் பதினொரு சென்சர்கள். ஐஸ் அச்சுகளை இறக்கி உறைய வைக்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டியின் குளிரைச் சொல்ல மூன்று, மோட்டார் இழுக்கும் கரண்டைச் சொல்ல இரண்டு, கம்பிரஸரின் உதறலையும் அழுத்தத்தையும் சொல்ல மீதி. எல்லாம் சேர்ந்து முதலாளியின் செல்போனில் பச்சை, மஞ்சள், சிவப்பாகப் பேசும்.

கேலி பண்ணக் கை அரிக்கிறது. ஆனால் அவை வேலை செய்தன. ஐஸ் உறைந்த பிறகும் சும்மா ஓடிக்கொண்டிருந்த கம்பிரஸர் இப்போது நேரத்துக்கு நின்றது. கரண்ட் பில் மெலிந்தது. மோட்டார் பேரிங் ஒன்று உடையப் போவதை எட்டு நாள் முன்பே சொன்னதால், மீன்பிடித் தடை முடிந்து படகெல்லாம் கிளம்பிய வாரத்தில் ஃபேக்டரி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. அருள்மணி கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கையால் சாம்பாரைப் பிசைந்து மறு கையால் தொட்டியின் குளிரைப் பார்த்தார். இதைவிட ஒரு முதலாளிக்கு என்ன வேண்டும்?

இரண்டாவது வாரம் ரிஃபானா ஒரு சென்சரைத் துடைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அண்ணே, என்னமோ பொகை படியுது. அரிக்குது. இங்க எதுவும் கொளுத்துறீங்களா?"

"கந்தகம்மா. கொசுவுக்கு."

"கொசுவுக்கா? அய்யோ, வேணாம்ணே. எல்லா சென்சரும் போயிடும். நான் கொசுவத்தி வாங்கித் தர்றேன்."

சொன்னபடி ஒரு டஜன் வாங்கித் தந்தாள். நல்ல பெண். கந்தகம் அன்றோடு நின்றது.

போகும்போது முதலாளியிடம், "சார், பன்னெண்டாவதா அமோனியா சென்சர் ஒண்ணு போட்டுருவோம். கசிஞ்சா ஒடனே சத்தம் குடுக்கும்" என்றாள்.

அருள்மணி சிரித்தார். "அதுக்குத்தான் செல்லையண்ணன் இருக்காரே. இந்த மூக்க விடவா ஒன்னோட மெஷினு? என்னண்ணே?"

கூடையோடு நின்ற பெண்களும் சிரித்தார்கள். "அண்ணன் மூக்குல ஒரு ஒயர மாட்டி செல்போன்ல விட்டுரு பாப்பா" என்றாள் அஞ்சுகம்.

செல்லையன் வாயைத் திறந்தார். கூட்டத்தில் காசியம்மாவும் நின்றாள். அவளும் மீன்காரிதான், அவளும் தினம் ஐஸ் வாங்குகிறவள்தான். அவள் அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டில் அவர்தான் பேச்சை எடுத்தார்.

"நாளைக்குச் சொல்லிடப் போறேன் காசி. திரியும் கெடையாது, மூக்கும் கெடையாது. இருவது பொம்பளைங்க வர்றாளுவ."

"சொல்லி? அந்தாளு பன்னெண்டாவத மாட்டுவாரு. ஒங்கள வாசல்ல வாட்ச்மேனா ஒக்கார வைப்பாரு. ஒக்காருவீங்களா?"

"அதுக்காக?"

"சும்மா கெடங்க. நான் இருக்கேன்ல."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் அவர் "வாங்க" என்றதும் காசியம்மா எல்லாரையும் இடித்துக்கொண்டு முதலில் படியேறினாள். தொட்டியை ஒரு சுற்று சுற்றி, கம்பிரஸர் பக்கம் போய், அங்கே நின்று முந்தானையை உதறிக்கொண்டாள். பிறகு திரும்பி, "ஏய், என்ன வேடிக்க பாக்குறீங்க? ஐஸு கரையுதுடி!" என்று குரல் கொடுத்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். செல்லையனுக்கு இரண்டாம் நாளே விளங்கிவிட்டது. வீட்டில் அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் பேசவில்லை. அந்த வருஷம் முழுக்க அவர் அவளுக்குத் தட்டு எடுத்து வைத்தார், தண்ணீர் மொண்டு வைத்தார், கேட்காமலே பூ வாங்கி வந்தார். அவள் முதலில் போவதைத் தடுக்க மட்டும் செய்யவில்லை.

இரண்டு தடவை அவள் கம்பிரஸர் பக்கத்திலிருந்து இருமிக்கொண்டே வந்து, "அந்த வால்வ பாருங்க" என்று காதோடு சொன்னாள். அவர் போய் முடுக்கினார். வந்த பெண்கள், "அண்ணன் மூக்குன்னா மூக்குதான்" என்றார்கள்.

ஐப்பசி அடைமழையில் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்த ஒரு காலை. "வாங்க" என்றார். காசியம்மா உள்ளே போனாள். கம்பிரஸர் பக்கம் அவள் போய்ச் சேர்ந்த நேரத்தில், இரவெல்லாம் நூலாகக் கசிந்துகொண்டிருந்த மூட்டு ஒரேயடியாகப் பிடுங்கிக்கொண்டது.

"வராதீங்கடி!" என்ற சத்தம் மட்டும் கேட்டது.

செல்லையன் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு ஓடினார். கண் எரிந்தது, மூச்சு அறுந்தது, வாசனை மட்டும் அப்போதும் தெரியவில்லை. மெயின் வால்வை மூடிவிட்டு அவளைத் தூக்கி வந்தார். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தாள். குழாய் மாட்டியிருந்ததால் பேச்சில்லை. நான்காம் நாள் சாயந்தரம் அவர் கையைப் பிடித்தபடியே போய்விட்டாள். அந்தக் கையில் மீன் வாசனை இருந்திருக்கும். அவருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

ரிஃபானா பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். முந்தின இரவு எட்டு மணியிலிருந்தே குழாயில் அழுத்தம் குறைந்துகொண்டு வந்திருக்கிறது. முதலாளியின் செல்போனில் ஒரு மஞ்சள் புள்ளி எரிந்திருக்கிறது. பக்கத்திலேயே எழுத்தும் இருந்தது: 'மின்செலவு கூடக்கூடும்.' கூடினால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அருள்மணி படுத்துவிட்டார். கருவி பொய் சொல்லவில்லை. அதற்கு எதைப் பற்றிக் கவலைப்படச் சொல்லிக் கொடுத்திருந்தார்களோ அதைப் பற்றிக் கவலைப்பட்டது. ரிஃபானா இதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பன்னிரண்டாவது சென்சரை மாட்டிய காலையில் செல்லையன் ஃபேக்டரிக்கு வந்தார். முதலாளியும் இருந்தார், பெண்களும் இருந்தார்கள். வாசற்படியில் நின்று சொன்னார்.

"எனக்கு மூக்கு போயி நாலு வருசமாச்சு. ஒங்க எல்லாரையும் ஏமாத்திக்கிட்டு இருந்தேன்."

அருள்மணிக்கு முகம் வெளுத்தது. அஞ்சுகம் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"தெரியும்ண்ணே."

"என்ன தெரியும்?"

"சென்சரு வந்தப்பவே அக்கா சொல்லிடுச்சு. 'நான் போயி கொரல் குடுத்தா வாங்க, அவுரு சொன்னதுக்காவ வந்துடாதீங்கடி'ன்னு. ஒங்ககிட்ட காட்டிக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு. மொகம் வாடிடுமாம்."

"இத்தன பேருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அவள மொதல்ல போக விட்டீங்க?"

அஞ்சுகம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் கேட்ட கேள்வி அவரிடமே திரும்பி வர அதிக நேரம் ஆகவில்லை. அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே புதுக் கருவி பச்சை விளக்கோடு சுவரில் இருந்தது. "பாருங்க, சுத்தமா இருக்கு. போங்கம்மா" என்று அருள்மணி செல்போனைத் தூக்கிக் காட்டினார். படகுகள் கரைக்கு வந்து அரை மணி ஆகியிருந்தது. மீன் காத்திருக்காது. ஆனாலும் முதல் அடியை எடுத்து வைக்க ஒருத்திக்கும் கால் வரவில்லை.

செல்லையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். காசியம்மா போகிற வழியாகவே போனார். தொட்டியை ஒரு சுற்று சுற்றி, கம்பிரஸர் பக்கம் போய் நின்றார். நன்றாக மூச்சை இழுத்தார். ஒன்றும் தெரியவில்லை. அங்கிருந்தபடியே வாசலைப் பார்த்து, வரச் சொல்லிக் கையை மட்டும் ஆட்டினார்.