அண்ணன் சாய்ந்து நின்ற படம்

மிளகு பறித்து முடித்து வாசலில் காயப் போட்டிருந்த மாதம் அது. கோழி வந்து கிளறாமல் ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வயசானவள் என்று என்னை உட்காரச் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை. உட்கார்ந்து யோசிக்க எனக்கு ஒரு விஷயம் இருந்தது. போட்டோ எடுப்பதில் அடுத்து எதைக் கற்றுக்கொள்வது என்பதுதான் அது.

மகன் திருப்பூரிலிருந்து வந்தபோது தன் பழைய போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். பேசத்தான் கொடுத்தான். நான் அதில் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன், இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். படத்துக்கு எழுத்துக் கூட்டத் தேவையில்லை. அதனாலேயே அது எனக்குப் பிடித்துப்போனது.

சொல்லிக்கொடுத்தவள் நர்சு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். தஞ்சாவூர்ப் பக்கம். அவள் ஊரில் நிலம் முழுக்கத் தட்டு மாதிரி இருக்கும் என்பாள். ஆசுபத்திரி வேலைக்காக மலைக்கு வந்தவள். என்னை அம்மா என்று கூப்பிடுவாள், நான் கண்ணு என்பேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும் என் போனை வாங்கிக்கொள்வாள்.

"குடுங்கம்மா, குப்பையெல்லாம் கழிச்சுட்டுத் தரேன்."

நான் அவள் அடுப்பில் காப்பி வைப்பேன். எங்கள் காட்டுக் காப்பி, நானே வறுத்துப் பொடித்தது. காப்பியோடு திரும்பி வரும்போது அவளுடைய கம்ப்யூட்டரில் என் படங்கள் பெரிசு பெரிசாக வரிசையாக நிற்கும். பலாமரம், மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, சாமைக் காட்டில் நின்ற ஆட்டுக்குட்டி. அவள் ஒவ்வொன்றாகத் தள்ளுவாள். நான் காப்பியை ஆற்றிக்கொண்டு பார்ப்பேன். இதை எடுத்த கை என் கைதானா என்று இருக்கும். அப்புறம் என் கைதான் என்று இருக்கும்.

வாரக் கடைசியில் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் ஆறு நாள் எடுத்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஒன்றரை வருஷம் போனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள்: "நேரா வைக்கிறது, வெளிச்சம் பாக்குறது ரெண்டும் உங்களுக்குக் கைவந்துடுச்சும்மா. அடுத்து என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அதைத்தான் மிளகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று விஷயம் மனசில் இருந்தது. ஒன்று மூடுபனி. எங்கள் ஊரில் பனி இறங்கினால் எதிரே நிற்கிற மாடு தெரியாது. அதை எடுத்தால் போனுக்கு எதைப் பார்ப்பது என்று புரியாமல் வெறும் வெள்ளையாக வரும். இரண்டாவது மிளகுப் பூ. மணலளவு இருக்கும். கிட்டே போனால் கலங்கிப்போகும். அதைக் கிட்டத்தில் தெளிவாக எடுக்க ஒரு பக்குவம் உண்டு என்றாள். மூன்றாவது மனுஷ முகம். போனைத் தூக்கினாலே எங்கள் ஆட்கள் ரேஷன் கார்டுக்கு நிற்கிற மாதிரி விறைத்துக்கொள்வார்கள். அவர்களை அவர்களாகவே நிற்க வைப்பது எப்படி?

மூன்றில் முகம் என்று நான் முடிவு பண்ணினதற்குக் காரணம் என் அண்ணன்.

அண்ணன் ஒரு காலத்தில் குடித்தவர். சும்மா இல்லை, வரப்பில் விழுந்து கிடந்து நாலு பேர் தூக்கி வந்த குடி. அப்புறம் கோயிலில் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் பண்ணி நிறுத்தினார். நிறுத்திப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஊர் மறக்குமா? இன்னும் கால் தடுக்கினால், "என்னங்க கவுண்டரே, காலையிலேயேவா?" என்று கேட்கிற வாய்கள் இருக்கின்றன. அவருடைய பேத்தியைப் பெண் பார்க்க இதே மலையில் இருக்கிற தேவனூர் நாட்டிலிருந்து வருவதாக இருந்தது. அண்ணன் நேராக என்னிடம் வந்தார்.

"அம்மிணி, என்னைய ஒரு படம் எடு. கூடத்துல மாட்டோணும். வர்றவங்க பாக்கட்டும், இவன் நிமிந்து நிக்கறவன்னு."

"கீழ போயி ஸ்டூடியோவுல எடுத்துக்கறது?"

"அவன் திரைக்கு முன்னால பொம்மையாட்டம் நிறுத்துவான். நீ என்ற மிளகுக் காட்டுல வச்சு எடு. உன்ற படமெல்லாம் நேரா இருக்குதுன்னு நர்சம்மாவே சொல்லுதே."

அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் காலை வெயில் சாய்வாக இருக்கும்போதே எடுத்தேன். அண்ணன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கொடிகளுக்கு நடுவில், சரிவில் நின்றார். நான் எப்போதும் செய்வதையே செய்தேன். போனின் அடி விளிம்பை மண்ணோடு சேர்த்து வைத்தேன். மண் எப்படிப் போகிறதோ அப்படி விளிம்பு. நேராக வை என்றால் எனக்கு அதுதான் நேர். பிறந்ததிலிருந்து நான் நின்ற தரை அது. அண்ணனைச் சிரிக்க வைக்க, சின்ன வயதில் அவர் பலாப்பழத்தோடு மரத்திலிருந்து விழுந்த கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அந்த நொடியில் அழுத்தினேன்.

அந்த வாரம் நர்சு ஊருக்குப் போயிருந்தாள், தம்பி கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க அண்ணனுக்குப் பொறுமை இல்லை. பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு கொண்டுபோனபோது என் போனையும் வாங்கிக்கொண்டு போய், கீழே ஒரு ஸ்டூடியோவில் பெரிசாகப் போட்டு, சட்டமும் அடித்துக் கொண்டுவந்துவிட்டார். செய்தித்தாள் சுற்றியபடியே வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருகிற காலையில்தான் பிரித்து மாட்டினார்கள்.

நான் போனபோது கூடம் நிறைய ஆட்கள். சுவரில் அண்ணன். வலது பக்கமாகச் சாய்ந்து, இதோ விழப்போகிறேன் என்பது போல நின்றார். பின்னால் மரங்களும் அவரோடு சேர்ந்து சாய்ந்திருந்தன. அண்ணி சட்டத்தைச் சாய்த்து மாட்டிப் பார்த்திருக்கிறாள். அப்போது அண்ணன் நேரானார், சட்டம் கோணலானது. எதையும் சொல்லாமல் மறுபடி பழையபடியே விட்டுவிட்டாள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் காப்பியைக் குடித்துக்கொண்டே படத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்க, விட்டுப்போட்டீங்கன்னு சொன்னாங்க. படம் எடுக்கற அன்னைக்கு மட்டும் கொஞ்சம் போட்டீங்களாக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். சம்பந்தம் ஒன்றும் கெடவில்லை, அன்றே பேசி முடித்தார்கள். ஆனால் வாசலில் என்னைத் தாண்டிப் போகும்போது அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "பன்னெண்டு வருசத்தை ஒரு அமுக்குல அமுக்கிட்டியே அம்மிணி."

தூங்கவில்லை, சாப்பிடவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன். சாப்பிட்டேன், தூங்கினேன். ஸ்டூடியோக்காரன்மேல் அவ்வளவு கோபம். விடிந்ததும் முதல் பஸ்ஸில் கீழே போனேன். வளைவு வளைவாக இறங்குகிற வழியெல்லாம் அவனைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன்.

"ஏஞ்சாமி, எங்கண்ணனை எதுக்கு இப்படிச் சாச்சுப்போட்ட?"

"நான் எங்கீங்க சாச்சேன்? வந்தபடியே போட்டுக் குடுத்தேனுங்க."

"என்ற படம் கோணாது. ஒன்றரை வருசமா எடுக்கறேன். ஒரு படம் கோணுனதில்ல."

பாஸ்போர்ட் படத்துக்குத் தலை வாரிக்கொண்டிருந்த ஒரு பெண் கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தாள்.

"அப்படீங்களா? போனைக் குடுங்க, பாத்துப்போடலாம்."

அவன் நல்ல மனுஷன். ஒயரை மாட்டி, எங்கேயோ தட்டி, எங்கேயோ திறந்தான். அப்புறம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான்.

"உக்காருங்கம்மா. இதுல ரெண்டு தினுசு இருக்குதுங்க."

இடது பக்கம் ஒரு பலாமரம், வலது பக்கம் ஒரு பலாமரம். இடது பக்கத்து மரம் சாய்ந்திருந்தது, இருட்டாகவும் இருந்தது. வலது பக்கத்தில் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்த மரம். அடுத்தது ஆட்டுக்குட்டி. இடது பக்கம் அது மலையோடு சேர்ந்து சரிந்துகொண்டிருந்தது, ஓரத்தில் என் விரல். வலது பக்கம் விரலைக் காணோம்.

"இது நீங்க எடுத்தது. இது யாரோ நேராக்கி ஒக்கிட்டது. ஒன்னு விடாம ஒக்கிட்டிருக்காங்க. மொதல்ல எடுத்ததையெல்லாம் தனியா ஒரு பக்கம் போட்டு வச்சிருக்காங்க."

"ஒன்னு விடாமயா?"

"ஒன்னு விடாமங்க. அந்தப் பெரியவர் படம் மட்டும் ஒக்கிடாம இருக்குது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கையில் வைத்துப் பார்க்கும்போது நான் போனையே சாய்த்துப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்குக் கோணல் தெரியவில்லை. பெரிய திரையில் பார்ப்பதற்குள் அவள் நிமிர்த்திவிட்டாள். நடுவில் நான் அடுப்படியில் காப்பி வைத்துக்கொண்டிருந்தேன்.

தலை வாரிக்கொண்டிருந்த பெண் இப்போது நேராகவே பார்த்தாள். நான் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

நர்சு வெள்ளிக்கிழமை திரும்பி வந்தாள். கல்யாணப் பலகாரம் ஒரு டப்பா கொண்டுவந்தாள். நான் டப்பாவை வாங்கவில்லை.

"கண்ணு, எனக்கு நேரா எடுக்க வருமா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. டப்பாவை அடுப்புத் திட்டில் வைத்தாள். "அம்மா, மொத வாரம் பாத்தப்பவே சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க அவ்வளவு ஆசையா வந்து உக்காந்தீங்க. மனசு வரலை. அடுத்த வாரம் சொல்லலாம்னு..."

"எழுபது வாரம்."

"உங்க சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாதுன்னுதாம்மா."

"நீ ஊசி போடற பொம்பள. வலிக்கும்னு தெரிஞ்சுதானே புள்ளைங்களுக்குப் போடற? எந்தப் புள்ளைக்காவது பாவம்னு வெறும் தண்ணியப் போட்டு அனுப்புவியா?"

அவள் டப்பாவைத் திட்டின் உள்பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"ஆசுபத்திரியில யாருக்கெல்லாம் தெரியும்?"

அவள் காதுக் கம்மலைத் திருகினாள். கம்மலைத் திருகிக்கொண்டே இருந்தாள். போன மாதம் சளி மாத்திரை வாங்கப் போனபோது மருந்து கொடுக்கிற பெண், "பாட்டி, புதுசா படம் எடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் மரியாதை என்று நினைத்தேன். நின்று பதிலும் சொன்னேன்.

"போன்லயே கட்டம் போட்ட மாதிரி கோடு வரும்மா," என்றாள் கடைசியில். "மரத்தை அந்தக் கோட்டோட ஒட்டி வச்சா நேரா வந்துடும். இப்பவே போட்டுத் தரேன்."

"அது மொதல்லருந்தே போன்ல இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

அதற்குமேல் அவளிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு விரல் தட்டினால் வந்திருக்கும் கோடு. அதைத் தட்டுவதைவிட, வாரா வாரம் உட்கார்ந்து என்னை நிமிர்த்துவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. பொய் சொன்னதுகூட எனக்குப் பெரிசில்லை. இவளுக்குச் சொன்னாலும் வராது என்று அவள் முதல் வாரமே முடிவு பண்ணிவிட்டாள் பாருங்கள், அதுதான். எழுபது வருஷம் இந்தச் சரிவில் பயிர் பண்ணினவளுக்கு ஒரு கோடு வராதா?

பனி, பூ, முகம் மூன்றையும் தள்ளிவைத்தேன். கோட்டை மகனிடம் போனில் கேட்டு, எங்கே தட்டுவது என்று எழுத்துக் கூட்டிக் கூட்டி நானே கண்டுபிடித்தேன். இரண்டு நாள் ஆனது. அதுவும் போதவில்லை. வெயிலில் கோடு எனக்குச் சரியாகத் தெரியாது. கொத்தனார் தூக்குக்குண்டு கட்டுவது போல, நூலில் ஒரு கல்லைக் கட்டிப் பலாக் கிளையில் தொங்கவிட்டேன். அதைப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். மண் ஒரு பக்கம் போகும், நூல் ஒரு பக்கம் நிற்கும். மண்ணை விட்டுவிட்டு நூலை நம்ப என் கை ஒரு மாதம் மறுத்தது.

அண்ணன் அந்தச் சட்டத்தைக் கழற்றித் தானியக் குதிருக்குப் பின்னால் வைத்துவிட்டார். ஆணி மட்டும் சுவரில் இருந்தது. போன வாரம் அவரை மறுபடி காட்டுக்குக் கூப்பிட்டேன்.

"மறுபடியும் எனக்குக் குடிக்க ஊத்தப் போறியா?"

"வந்து நில்லுண்ணா."

வந்து நின்றார். அவருக்குப் பக்கத்துக் கிளையில் கல் தொங்கியது. இந்த முறை கதை எதுவும் சொல்லவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

வருகிற வழியில் வேலி ஓரம் நர்சு நின்றிருந்தாள். நாங்கள் பேசாமல் இருக்கவில்லை. தண்ணீர், காய்ச்சல், பஸ் வந்ததா என்கிற அளவுக்குப் பேசுகிறோம். படத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். மலை சரிவாகப் போயிருந்தது, அண்ணன் அதன்மேல் நின்றிருந்தார். கொஞ்சம் சாய்வு இருந்தது. ரொம்ப இல்லை, ஒரு விரல் அளவு. அவள் கண் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். உடனே கை நீண்டது, பழக்கத்தில்.

"குடுங்கம்மா, ஒரு நிமிஷம்..."

போனை இடுப்பில் செருகிக்கொண்டேன். "வேண்டாம் கண்ணு. நாளைக்கும் அண்ணன் அங்கதான் நிக்கப்போறாரு" என்று சொல்லிவிட்டு, நூல் கட்டின கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.